சாமி அறையில் ஒரு மாவுப் போத்தல்

மலேசியாவின் கிள்ளானில் கடைக்கு மேல்மாடி வீடு. அங்கே தெய்வானை ஆச்சி விளக்கேற்றும் சாமி அறையில், முருகனுக்கும் இறந்துபோன கணவர் குமரப்பனின் படத்துக்கும் நடுவே, வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. உள்ளே திருநீறு என்றுதான் வந்தவர்கள் நினைத்தார்கள். இருந்தது மரவள்ளி ஸ்டார்ச்.

தாய்லாந்திலிருந்து கப்பலில் வரும் அந்த மாவை இறக்குமதி செய்து விற்பதுதான் குடும்பத் தொழில். அது இல்லாவிட்டால் மீனை அரைத்துப் பிடிக்கும் உருண்டை உதிர்ந்துபோகும், சாஸ் தண்ணீராய் ஓடும். வருகிற ஒவ்வொரு சரக்கிலும் ஒரு போத்தல் மாவை மாதிரிக்காக எடுத்து, கீழே கடையில் மாதிரிகள் வைக்கும் அறையின் அலமாரியில் வைப்பார்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. மூடுவதற்கு முன் குமரப்பன் வலக்கட்டைவிரலால் மாவை ஓர் அழுத்து அழுத்துவார். நல்ல மாவு ‘நெறுக்’கென்று சத்தம் போடும். அது காதில் விழுந்தால்தான் மூடியைப் போடுவார். சாக்கு பிரிக்கிற கத்தி இழுத்து அந்த விரலின் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. மாவில் அதுவும் சேர்ந்து பதியும்.

அவர் போன பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவர் கடைசியாக அழுத்தியது என்று, அலமாரியின் கடைசிப் போத்தலை ஆச்சி மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். தினமும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆனால் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மூச்சுக்காற்று பட்டாலே விரல் பதிந்த இடம் கலைந்துவிடும் என்று பயம்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் தொடங்கியது. மத்தியானத்தில் கடை அடங்கிக் கிடக்கும்போது, பூட்டிக் கிடக்கும் அந்த மாதிரிகள் அறைக்குள்ளிருந்து ‘நெறுக்’ என்று கேட்கும். ஆச்சி யாரிடமும் சொல்லவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். மகன் நவீனிடம் சொல்லலாம்தான். ஆனால் அவனோடு பேச்சே அற்றுப்போயிருந்தது. அப்பன் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது சரக்கு இறக்கப் போனவன் அவன். திரும்பி வருவதற்குள் உயிர் போய்விட்டது. பெற்றவனைவிட மாவு பெரிதாய்ப் போனவனோடு என்ன பேச்சு என்று, சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஆச்சி மாடியேறிவிடுவார்.

அப்படி இருக்கையில் விமலன் வந்து நின்றான். காஜாங்கில் சாஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவன்.

“ஆச்சி, சாஸ் எல்லாம் தண்ணியா பிரிஞ்சிபோச்சு. தாய்லாந்துல மரவள்ளிக்கு நோயாம், வெல ஏறிப்போச்சு, நீங்களும் கலப்படம் பண்ணிட்டீங்கன்னு எங்க பாஸ் கத்துறாரு. உங்கள விட்டுட்டு வியட்நாம்லேருந்து நேரா எடுக்கப்போறாராம். எங்ககிட்ட அந்த ஸ்டாக் முடிஞ்சிருச்சு. உங்க சாம்பிள் போத்தல் இருக்கும்ல? இங்கயே காய்ச்சிப் பாத்துருவோம் லா.”

நவீன் அலமாரியைத் திறந்தான். அந்தச் சரக்கின் போத்தல் இருக்க வேண்டிய இடம் காலி. அவன் கண் ஒரு நொடி தாயின் மேல் நின்று, விலகிவிட்டது.

“காணோம் அண்ணே,” என்றான். “எங்கயோ மாறிப்போயிருக்கும். எங்க தப்புதான்னு எழுதிக்கிங்க.”

ஆச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போத்தல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் கலப்படக்காரன் என்ற பழி யார் தலையில் விழும்? அவர் காலத்தில் வந்த சரக்கு, செத்தவர் தலையில்தான். விரலைக் காப்பதா, பெயரைக் காப்பதா? ஆச்சி படியேறினார். முருகா, இதையும் என்னிடமிருந்து பிடுங்குகிறாயே என்று வாய்விட்டே அழுதார். அழுதபடியே போத்தலை எடுத்துவந்தார்.

மூடியை அவரே திறந்தார். மாவில் கட்டைவிரல் அச்சாகப் பதிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறுக்கே தழும்பு இல்லை.

“இது அவுக வெரல் இல்லையே!”

“நான்தான் ஆத்தா,” என்றான் நவீன். “அன்னைக்கு அப்பச்சியால கையத் தூக்க முடியல. ‘சரக்கு எறங்குது, நீ போயி அமுக்கு. சத்தம் எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு’ன்னாங்க. நான் வந்து சொல்றதுக்குள்ள...”

  ஆச்சி தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டது இவன் விரலை. ஆறிய சோற்றைத் தின்னவிட்டதும் இவனைத்தான்.

கரண்டியை எடுத்து, அந்தப் பதிவின் நடுவிலேயே விட்டு மாவை அள்ளினார். தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினார். வெள்ளை மறைந்து, கூழ் கண்ணாடியாய்த் தெளிந்து, கரண்டியிலிருந்து அறுபடாமல் இறங்கியது.

“மாவுல கொறையில்ல ஆச்சி,” என்றான் விமலன் தலையைச் சொறிந்துகொண்டு. “எங்க ஆளுங்கதான் புளிக்காடிய, அதான் வினிகர, முன்னாடியே ஊத்திக் காய்ச்சிட்டாங்க போல, புளிப்பு பட்டா மாவு நீத்துப்போயிரும். பாஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்.” கூழைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான்.

மத்தியான நேரம். கடை அடங்கிவிட்டது. மாதிரிகள் அறையையும் பூட்டியாயிற்று. போத்தலில் பாதி மாவு மிச்சம் இருந்தது. ஆச்சி அதைத் தட்டிச் சமப்படுத்தி மகன் முன்னே நீட்டினார்.

“அமுக்குப்பா. அன்னைக்கு அவுககிட்ட சொல்லாம விட்டதை இன்னைக்குச் சொல்லிரு.”

நவீன் கட்டைவிரலால் அழுத்தினான். நெறுக்.

“நல்லாருக்கு அப்பச்சி,” என்றான், தகப்பனிடமே சொல்வதுபோல்.

பூட்டிய அந்த அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. நெறுக்.

அவன் கை அப்படியே நின்றது.  “ஆத்தா, உங்களுக்கும் கேக்குதா? இத்தன நாளா எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு, நீங்க பயந்துருவீங்கன்னு நான் சொல்லல.”

ஆச்சி மாவு ஒட்டிய அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருவரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

“மூடியப் போடுப்பா,” என்றார் ஆச்சி. “அவுக கேட்டுட்டாக.”