சங்க விதிப்படி ஓர் ஓடை

கெய்ர்ன்ஸ் விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகள் வந்து சேர்வதற்குள் வார்விக் ஒரு தொப்பி வாங்கிவிட்டான். தோல் தொப்பி. சுற்றிலும் முதலைப் பல் கோத்த வார்.

"பிளாஸ்டிக் பல்லு," என்றாள் அவன் மனைவி நோயலீன்.

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

"கடைக்காரனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப லியானுக்கும் டெஸ்ஸுக்கும் தெரியும். இன்னும் முதலைக்குத்தான் தெரியல."

லியான் நான். டெஸ் என் கணவன். நாங்கள் நால்வரும் தெற்கே விக்டோரியாவில் ஒரு குளிர்ந்த மலையூரில் பல காலமாகப் பக்கத்துத் தெருக்காரர்கள். ஜூலை மாதம் எங்கள் ஊரில் கடுங்குளிர்காலம்; காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். அதனால் வசதியுள்ளவர்கள் எல்லோரும் வடக்கே ஓடிவந்து, வெளுத்த கால்களை வெயிலில் காயப்போடுவார்கள்.

வார்விக் எங்கள் ஊர் ஜீப் சங்கத்தின் தலைவன். சிலருக்குத் தலைமை ஒரு பதவி. வார்விக்குக்கு அது ஓர் உடல்நிலை. காலையில் எழும்போதே அப்படித்தான் எழுவான். பவளப்பாறை பார்க்கப் போன படகில் கடல் நோயைப் பற்றி எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டே போய், நடுக்கடலில் பாடத்தை நிறுத்திவிட்டுச் செய்முறை விளக்கத்தில் இறங்கினான். கரையேறியதும், "படகுக்காரனுக்கு அலையை வாங்கத் தெரியல" என்றான். அன்று சாயங்காலம் துறைமுகக் கடையில் வறுத்த பாராமண்டி மீனும் குளிர்ந்த பீரும் வந்தன. ஆளுக்கொரு சுற்று வாங்கினோம். டெஸ்ஸின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைத் தலைவன் என்ற முறையில் வார்விக் தின்றான். நல்ல விடுமுறைதான் அதுவரை.

மறுநாள் வாடகை ஜீப்பில் இன்னும் வடக்கே, மழைக்காட்டுக்குள் ஏறினோம். ஓர் அருவி இருக்கிறதாம். அங்கே மதியச் சாப்பாடு. பின்னால் ஐஸ்பெட்டி நிறைய இறால், ரொட்டி, பப்பாளி. தார்ச்சாலை முடிந்தது. மண்பாதையும் ஓர் இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போய், எதிர்க்கரையில் மறுபடி ஏறியது.

ஓடை என்றுதான் பெயர். கலங்கிய டீ நிறம். அடி தெரியவில்லை. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் ஓதம் ஏறும்போது இதிலும் தண்ணீர் ஏறும். கரையில் மஞ்சள் பலகை. வாயைத் திறந்த முதலை; கீழே ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் எச்சரிக்கை.

"பாத்தியா, ஜெர்மன்ல எழுதியிருக்கு. நமக்கில்ல அது," என்றான் வார்விக்.

"மேல ஆங்கிலத்துலயும் எழுதியிருக்கே?"

"நீ ஒண்ணு, லியான். எவனாவது வழக்குப் போட்டுடுவான்னு நகராட்சிக்காரன் பயந்து நட்டு வெச்சது. சரி, யார் நடக்குறது?"

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊர் மலையோடைகளில் தண்ணீரைக் காலால் நடந்து பார்க்காமல் வண்டியை இறக்கக் கூடாது. சங்கத்தின் முதல் விதி அது. ஒருவர் கையில் கம்போடு இறங்கி, ஆழம் பார்த்து, பள்ளம் பார்த்து, அக்கரை போய், திரும்பி வந்து தலைவரிடம் ஒப்பிக்க வேண்டும். அங்கே அது புத்திசாலித்தனம். அந்தத் தண்ணீரில் ஆளைக் கடிக்கக்கூடியது குளிர் மட்டும்தான். சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் நடக்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவன் டெஸ்.

மறுத்தால்? வருடாந்திர விருந்தில் மறுத்தவருக்கு இளஞ்சிவப்பு ஜாலர் வைத்த சமையல் ஏப்ரனைக் கட்டிவிட்டுப் படம் எடுத்துச் சங்கச் சுவரில் மாட்டுவார்கள். போன முறை அதைக் கட்டிக்கொண்ட பல் டாக்டர் ஊரை விட்டே போய்விட்டார்.

டெஸ் காப்பீடு விற்பவன். ஊரில் யார் எந்த ஆபத்தில் இருக்கிறார்கள் என்று எடைபோடுவதே அவனுக்குத் தொழில். அவன் பலகையைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"டெஸ், வேணாம்," என்றேன்.

"அட, மொழங்கால் தண்ணிதான் லியான்."

"வேற வண்டி ஏதாவது வரட்டும். அவங்க பின்னாலயே போவோம்."

"அடுத்தவன் பின்னால போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றான் வார்விக். "மச்சான், பொண்டாட்டி விடமாட்டேங்குறான்னா சொல்லிடு. தப்பே இல்ல. நோயலீன், அந்த ஏப்ரன் என்ன அளவு?"

"அப்ப நீயே போயேன் வார்விக்."

"தலைவர் வண்டியில இருக்கணும். எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். விதி."

டெஸ் செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்தான்.  வீட்டில் ஒரு நாளும் அவன் செருப்பை ஜோடியாக வைத்ததில்லை.

இறங்கினான். கணுக்கால். முழங்கால். தொடை. கம்பை முன்னால் குத்திக் குத்திப் போனான். சீழ்க்கை அடித்தான். பல் பிடுங்கப் போகும்போதும் இப்படித்தான் அடிப்பான். பாட்டாக இருக்காது, காற்று மட்டும் வரும். நடுவில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. பிறகு இறங்கியது. அக்கரையில் ஏறி நின்று கம்பைத் தூக்கிக் காட்டினான். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது நோயலீன் என் முழங்கையைத் தொட்டாள்.

"லியான், இங்க யாரோ படகை இழுத்துத் தண்ணியில விட்டிருக்காங்க பாரு."

எங்களுக்கு இடப்பக்கம், கூப்பிடு தூரத்தில், சேற்றுக்கரையில் ஒரு வழுக்குத்தடம். அகலமாக, வழவழவென்று, கரைமேலிருந்து தண்ணீர்வரை. இன்னும் ஈரம். தடத்தின் இரண்டு பக்கமும் விரல் விரித்த கைகள் போலப் பதிவுகள். படகுக்குக் கை கிடையாது.

"டெஸ்!" என்று கத்தினேன். "அங்கயே நில்லு! வராத!"

வார்விக் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, தலைமேல் கையை வைத்துக் காட்டினான். திரும்பி வா என்பதற்குச் சங்கத்தின் சைகை அது.

"ஏய், அவனை ஏன் கூப்பிடுற? தடத்தைப் பாரு! முதலை இறங்கியிருக்கு!"

"எப்பவோ இறங்கினதா இருக்கும். ஒப்பிக்காம கடந்தா அது கடந்ததாவே கணக்கில்ல."

"டெஸ், முதலைடா! நில்லு!"

நான் சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்டது. முகம் வெளுத்ததை இக்கரையிலிருந்தே பார்த்தேன். தடத்தைப் பார்த்தான். வார்விக்கின் தலைமேல் இருந்த கையைப் பார்த்தான். ஒரு பக்கம் முதலை. மறுபக்கம் வருடாந்திர விருந்து. ஐம்பத்தைந்து வயது மனிதன், கடன் எதுவும் இல்லாதவன், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவன், என் கண்முன்னே இரண்டையும் எடைபோட்டு, முதலையைத் தேர்ந்தெடுத்தான்.

சீழ்க்கை அடித்துக்கொண்டே இறங்கினான்.

அவன் பாதி தூரம் வந்திருப்பான். இடப்பக்கம் தண்ணீரில் இரண்டு குமிழ்கள். மரத்தின் கணு போல. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியை வைத்தே அதன் நீளம் எனக்குப் புரிந்துவிட்டது. அது நீந்தவில்லை. தண்ணீர்தான் அதைச் சுமந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. அலை இல்லை. சத்தம் இல்லை. பறவைகள்கூட வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன.

நான் கையை நீட்டினேன். டெஸ் திரும்பிப் பார்த்தான். பார்த்து, நின்றுவிட்டான். ஓட வேண்டிய நேரத்தில் நின்றுவிட்டான். சீழ்க்கை மட்டும் கொஞ்ச நேரம் தானாக வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அந்தக் கண்கள் முழுகின.

கண்கள் தெரிந்தவரை அது ஒரு முதலை. முழுகிய பிறகு ஓடை முழுவதும் முதலையாகிவிட்டது.

"வார்விக், வண்டியை எடு! அவன்கிட்ட போ!"

வார்விக்கின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, விதிப்படி. "நிலைமையை முதல்ல..." என்றான். "நிலைமையை ஆராய்ஞ்சு..." கைகள் அசையவில்லை. தொப்பி மட்டும் நடுங்கியது.

கதவைத் திறந்தேன். "தள்ளி உக்காரு!"

தள்ளி உட்காரச் சொன்னதற்கு இவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்த தலைவனை நான் பார்த்ததில்லை. நோயலீன் பின்னால் ஏறினாளா, நான் இழுத்துப் போட்டேனா, தெரியாது. கியர் வைத்த வண்டியை நான் ஓட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு கியரில் போட்டேன். ஜீப் ஒரு குதி குதித்துத் தண்ணீருக்குள் விழுந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பழுப்பு நீர். கதவின் அடியில் தண்ணீர் உள்ளே வந்தது. கணுக்கால் நனைந்தபோது அலறினேன்.

"ரெண்டாவது கியர்!" என்று பக்கத்திலிருந்து வார்விக் கத்தினான். "மெதுவா! முன்னால அலை தள்ளிக்கிட்டே போவணும்! கிளட்ச்சை மிதிக்காத! விதி என்னன்னா..."

"வாயை மூடு வார்விக்!" நோயலீன்தான் அது. அவள் குரலில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று கணவனுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

டெஸ் நின்ற இடத்திலேயே நின்றான். கண்கள் என்னைப் பார்த்தன. நான் அவனுக்குத் தெரிந்தேனா என்பது சந்தேகம். நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் என் புருஷன் மேல் ஏற்றிவிடுவேன். ஹாரனை அமுக்கினேன். காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த உடம்பு அந்தச் சத்தத்தில் துள்ளி எழுந்து, முன்கம்பியைப் பிடித்து, பானெட்டின் மேல் குப்புற விழுந்தது. அவன் மூக்கு கண்ணாடியில் ஒட்டி நசுங்கி, எனக்கு நேரெதிரே இருந்தது. பாதை தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

இடப்பக்கக் கதவில் ஏதோ மோதியது. வண்டி ஒரு முறை பக்கவாட்டில் நகர்ந்தது.

"கல்லு," என்றான் வார்விக். அந்தக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் அவன்தான். கல்லென்று சொல்லிக்கொண்டே என் மடியில் ஏறப் பார்த்தான்.

அக்கரை ஏறினேன். நிற்கவில்லை. மேடு ஏறி, வளைவு திரும்பி, மரங்கள் மூடிய பிறகும் நிற்கவில்லை. பானெட்டில் கிடந்த டெஸ் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டி, "போதும் லியான், போதும், நிறுத்து!" என்று கெஞ்சிய பிறகுதான் நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்தோம். இடப்பக்கக் கதவு உள்ளே குழிந்திருந்தது.  டெஸ் வெறுங்காலோடு புல்லில் உட்கார்ந்தான்.  இரண்டு கையாலும் முழங்கால்களைப் பிடித்து அமுக்கினான். 

ஐஸ்பெட்டியைத் திறந்தாள் நோயலீன். இறால்கள் கருங்கண்களை உருட்டிக்கொண்டு ஐஸில் கிடந்தன. தண்ணீருக்கு மேலே நீட்டிய கண்கள் போலவே இருந்தன. மூடிவிட்டாள்.

வார்விக் வண்டியைச் சுற்றி வந்தான். சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். நிறம் திரும்பிக்கொண்டிருந்தது அவன் முகத்தில்.

"மொத்தத்துல சுத்தமா கடந்துட்டோம்," என்றான். "லியான் கியரை மட்டும் கவனிச்சிருக்கலாம். சரி, அருவியைப் பாத்துட்டு இதே வழியில திரும்புறப்போ, ஓதம் ஏறியிருக்கும். ஆழம் மாறியிருக்கும். மறுபடி நடந்து பாத்தாத்தான்..."

"நான் நடக்கமாட்டேன்," என்றான் டெஸ்.

"அதுக்கு இல்ல மச்சான், விதின்னு..."

"எனக்குப் பயமா இருக்கு, வார்விக்."

எங்கள் ஊரில் ஆண்கள் இந்தச் சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'சரியாயிடும்' என்பார்கள், 'ஒண்ணுமில்ல' என்பார்கள், கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும் 'சின்னச் சிராய்ப்பு' என்பார்கள். டெஸ் அதைச் சொன்னபோது அவன் பல் கிட்டித்தது.

"இறங்குறதுக்கு முன்னாலயே பயமா இருந்துச்சு. அக்கரையில நின்னப்போ செத்துடுவேன்னே தெரியும். இருந்தும் வந்தேன். நீங்க சிரிப்பீங்கன்னு வந்தேன். லியான், அதை நெனச்சாத்தான் இப்ப இன்னும் பயமா இருக்கு."

நான் அவனை அடித்தேன். முதுகில், தோளில், கை வலிக்கும்வரை. பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். அவன் மேல் அந்தச் சேற்று வாடை அடித்தது.

வார்விக் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். நோயலீன் அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான். சற்று நேரம் கழித்து வரைபடத்தை விரித்து, "உள்நாட்டு வழியா ஒரு தார் ரோடு இருக்கு," என்றான். "சுத்துதான். ஆனா காட்சிக்கு நல்லா இருக்கும்னு சொல்றாங்க." கேரவனில் சுற்றும் கிழவர்கள் போகும் சாலை என்று முந்தின நாள்தான் அதை ஏளனம் செய்திருந்தான்.

அருவியைப் பார்க்கவில்லை. காய்ந்த புல்வெளியும் கறையான் புற்றுமாக நெடுநேரம் போனோம். வார்விக் ஓட்டினான். ஓரிடத்தில் சாலை தாழ்ந்து, நடுவே ஏதோ குழாய் உடைந்தோ என்னவோ, ஒரு தேக்கம். கோழி நின்றால் நனையாத ஆழம். வார்விக் பிரேக்கைப் போட்டான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.  பழுப்பு நீரில் வானம் தெரிந்தது.

"பயமா இருந்தா சொல்லு வார்விக்," என்றான் டெஸ் பின்னாலிருந்து, மிகவும் அன்பாக. "யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

"பயமா? எனக்கா? எஞ்சின் சூடாயிருக்கு. ஆறட்டும்."

ஆறவிட்டோம். ஒரு கேரவன் எங்களைக் கடந்து தண்ணீரில் இறங்கியது. ஓட்டியவருக்கு எண்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அவர்கள் அக்கரை சேரும்வரை நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பிறகு வார்விக் இறங்கி, பின்கதவைத் திறந்து, டெஸ்ஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"லியான்," என்றான், "நீ ஓட்டு."