எடுக்க வேண்டிய கவிதைகள்

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது சாராளின் போனில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. அனுப்பியவர் திருப்போரூர் ஜெகதீசன். கூடவே ஒரு குரல் செய்தி. அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் பில் கவுண்டருக்குப் பின்னால் ஏசி இரைந்துகொண்டிருந்ததால் போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"சாராம்மா, புக்கு போடலாம்னு கீறேன். இதுவரிக்கும் எழுதுனது மொத்தமும் இதுல கீது. படிச்சிட்டு எத்த எடுத்துடணும்னு சொல்லு. வேற யாராண்டயும் கேக்கல. நீ சொன்னா அதான்."

குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் டப்பாவை மூடி வைத்தாள். அவருடைய கவிதைகள் அவளுக்குத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை நன்றாக இல்லை என்பதும் தெரியும். அதை அவரிடம் அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இருவரும் அறிமுகமானது "உப்புக்காற்று" என்ற வாட்ஸப் குழுவில். மாமல்லபுரத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஜாய்ஸ் டீச்சர் தொடங்கிய குழு அது. கல்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை, கவிதை எழுதுகிறேன் என்று சொன்ன எல்லோரையும் டீச்சர் சேர்த்துக்கொண்டார். யார் எதைப் போட்டாலும் கைதட்டும் படங்கள் வரும். "அருமை", "செம", "சிறப்புங்க தோழி" என்று வரும். யாரும் யாரையும் நோகடித்ததில்லை. சாராள் முதன்முதலாகத் தன் கவிதையைப் போட்டபோதும் அப்படித்தான் வந்தன. ஸ்கேனுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கும் கர்ப்பிணிகளைப் பற்றிய கவிதை அது. தினமும் கண்ணெதிரே பார்ப்பதுதான். அன்று முழுக்க வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்து அந்தக் கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஜெகதீசனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "தங்கச்சி, 'தாய்மை ஒரு தவம்' என்ற கடைசி இரண்டு வரியும் வேண்டாம். அந்தப் பெண் பாட்டிலோடு நிற்கிறாள், நீயும் நிற்கிறாய். இருவரும் கதவைப் பார்க்கிறீர்கள். அங்கேயே முடிந்துவிட்டது."

சாராளுக்குச் சுருக்கென்றது. யார் இந்த ஆள் என்று குழுவில் தேடினாள். திருப்போரூரில் மனை வாங்கி விற்கும் தரகர் என்று தெரிந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தபடியே அந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டு வாசித்துப் பார்த்தாள்.

பாட்டிலைக் கவிழ்த்துக் குடிக்கிறாள்
போதுமா என்று கேட்கிறாள்
இன்னும் கொஞ்சம் என்கிறேன்
இருவரும் கதவைப் பார்க்கிறோம்

தான் எழுதியதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் அவர் என்ன சொல்வார் என்றுதான் காத்திருப்பாள். இந்த வார்த்தை கனமாக இருக்கிறது, இது நீ பார்த்ததா கேட்டதா, இதை இன்னும் ஒருவாரம் வைத்திரு என்று அவர் எழுதுவார். நன்றாக இருந்தால் "இது நிற்கும்" என்று மட்டும் வரும். ஒரு சிற்றிதழில் அவள் கவிதை அச்சானபோது அந்த இதழை வாங்கித் தன் ஆபீசுக்கு மனை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். டீச்சர் சொல்லித்தான் அது அவளுக்குத் தெரியும்.

அவர் எழுதியதற்கோ இவள் "அருமை அண்ணா" என்று மட்டும்தான் போடுவாள். நிலவு, மழைத்துளி, அன்னையின் சேலை, தமிழ்த்தாய் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மற்றவர் கவிதையில் ஊசி முனையளவு பிசிறையும் பார்க்கிற கண்ணுக்குத் தன் நிலவு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. முதலில் வயதில் மூத்தவர் என்று தயங்கினாள். பிறகு "அருமை" என்று போட்டதும் அவர் அனுப்பும் கும்பிடு போட்ட கைகளைப் பார்த்துத் தயங்கினாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

கோப்பை அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாள். நிலவுகளைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது, "சும்மா எழுதியவை" என்று தலைப்புப் போட்டு ஏழெட்டுக் கவிதைகளை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். குழுவில் போடாதவை. முதலாவதைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தாள். சமையலறையில் நின்றபடியே, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

நாற்றங்கால் இருந்த இடத்தில்
கல் நடுகிறோம்
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்
நிலத்தை விற்றவர்
"இன்னும் இழுக்கட்டுமா சார்" என்கிறார்

ஏசுதாஸ் ஐடி கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவன். அவள் கவிதைகளுக்கு "நல்லாத்தான் கீது" என்பதற்கு மேல் சொல்லமாட்டான். இப்போது தட்டில் கை நின்றது.

"யாரு அந்த டேப்பு புடிச்ச ஆளு?"

"தெரியல. ஜெகதீசண்ணன் எழுதுனது."

"நெஜமாவே நெலத்த வித்தவருதான் புடிச்சாராமா டேப்ப?" என்று கேட்டான். தெரியாது என்று அவள் சொன்னதும் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தான். அண்ணனிடம் என்ன சொல்வது என்று அவள் யோசனை கேட்டபோது, நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போ, அவர் புத்தகம் அவர் இஷ்டம் என்றான். ஆனால் கை கழுவும்போது மறுபடியும் அந்த ஆளைப் பற்றித்தான் கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஜாய்ஸ் டீச்சர் வீட்டு மாடியில் குழுவின் கூட்டம் இருந்தது. காலை ஆராதனை முடிந்து செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துச் சாராள் போய்ச் சேர்ந்தபோது பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சுண்டலும் டீயும் சுற்றி வந்தன. ஜெகதீசன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். புத்தகத்தின் அட்டைப்படத்தை ஒவ்வொருவருக்கும் போனில் காட்டினார். கடலின் மேல் பெரிய நிலா. பின்னட்டையில் அவருடைய படம். எல்லோரும் வாழ்த்தினார்கள். சாராளும் நன்றாக இருக்கிறது என்றாள். சொல்லும்போதே தன் மேல் எரிச்சல் வந்தது.

வாசிப்பு முடிந்ததும் இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். மேலே ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளின் நிழலில் வலைகள் குவிந்து கிடந்தன. ஒரு படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, எதையெல்லாம் எடுக்கணும் என்று அவர் கேட்டார். நாலைந்து கவிதைகளைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அந்தக் கடைசியில கீறது மட்டும் இருக்கட்டும்ணா. மத்தது எல்லாத்தையும் எடுத்துடலாம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"எல்லாத்தையுமா?"

"ஆமாண்ணா."

படகின் விளிம்பிலிருந்து நிமிர்ந்து நின்றார். "அப்ப இத்தினி நாளா அருமை அருமைன்னு போட்டுகினு இருந்தியே. அது இன்னா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் வந்திருந்தாள். "சொன்னா எழுதறத வுட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்ணா. நீங்க வுட்டுட்டு குரூப்ப வுட்டே பூட்டா, அப்பறம் நான் எழுதுறத யாரு படிப்பா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுயநலமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ஜெகதீசன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கங்களில் இருப்பதெல்லாம் கவிதையா, தான் தினம் பார்க்கிறதுதானே என்று மெதுவாகச் சொன்னார். டேப் பிடித்த ஆள் யார் என்று ஏசுதாஸ் இரண்டு தடவை கேட்டதை அவள் சொன்னாள்.

"நெஜந்தாம்மா. இப்ப அங்கியே வாட்ச்மேனா கீறாரு," என்றார். திரும்பி நடந்து, டீச்சர் வீட்டு வாசலில் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடிக்குத் திரும்பிய அவளிடம், ஜெகதீசன் ஏன் சொல்லிக்கொள்ளாமல் போனார் என்று டீச்சர் கேட்டார். அவசர வேலை போலிருக்கிறது என்று சொல்லிவைத்தாள்.

அதன் பிறகு குழுவில் அவர் பேச்சே இல்லை. யார் கவிதைக்கும் ஒன்றும் எழுதவில்லை. சாராள் புதிதாக ஒன்று போட்டாள். கைதட்டல்கள் வந்தன. அதற்குக் கீழே அவர் பெயர் வரவில்லை. அவர் படித்துவிட்டார் என்பது மட்டும் செய்தியைத் தட்டிப் பார்த்தபோது நீலக்குறியில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்று பலமுறை போனை எடுத்தாள். ஆனால் சொன்னது தவறு என்று அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு தாமதமாகச் சொன்னதுதான் தவறு. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். ஏசுதாஸ் மட்டும் அவ்வப்போது, அண்ணாத்த பேசினாரா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் பாதி போன பிறகு ஒருநாள் காலை அவரே கூப்பிட்டார். நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனை வைத்த மாதிரி சாதாரணமாகப் பேசினார். திருப்போரூருக்கு இந்தப் பக்கம் புதிதாக மனை பிரித்து ஒரு லேஅவுட் போட்டிருப்பதாகவும், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கும்படியும் சொன்னார். வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லையே அண்ணா என்றாள். "வாங்கறதுக்கு யாரு கூப்ட்டா? வந்து பாருன்னேன்," என்றார்.

போனார்கள். முந்தின நாள் மழை விட்டிருந்தது. செம்மண் பாதையில் வண்டி வழுக்கியதால் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தார்கள். அச்சகத்தில் சொல்லிப் புத்தகத்தை நிறுத்திவிட்டதாக ஜெகதீசன் போகிறபோக்கில் சொன்னார். அதற்காக யார் மேலும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. "கவருல நெலா நல்லா வந்துருந்துச்சி. அதான் மனசு கேக்கல," என்று சொல்லிச் சிரித்தார். ஏசுதாஸும் சிரித்தான்.

பிறகு, கேட்காமலேயே, அவள் கடைசியாகப் போட்ட கவிதைக்கு வந்தார்.

"நடுவுல இன்னாத்துக்கு அவ்ளோ நீட்டிகினு போற? அந்தப் பொம்பள எழுந்து போற எடத்துலயே வுட்டுருக்கலாம்."

"ஆமாண்ணா," என்றாள் சாராள். சேறு ஒட்டிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாள்.

பாதை முடிகிற இடத்தில் லேஅவுட்டின் நுழைவு வளைவு நின்றது. மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயவில்லை. பெயர்ப்பலகை எழுதவில்லை. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. சுற்றிலும் மழைத்தண்ணீர் தேங்கிய வெறும் தரைதான், எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஆடு மேய்க்கிற ஒருத்தி தலையில் சாக்கைப் போட்டபடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் வந்த ஆடுகள் வளைவருகே வந்ததும் தயங்கி ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் நுழைந்து உள்ளே போயின.

மூவரும் நின்று பார்த்தார்கள். ஜெகதீசன் போனை எடுத்து இரண்டு வரி குறித்துக்கொண்டார். எல்லா ஆடுகளும் போன பிறகு ஒரு குட்டி மட்டும் பின்தங்கி, வளைவின் தூணில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஆடு மேய்க்கிறவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். குட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, கழுத்தெல்லாம் மஞ்சளோடு துள்ளி ஓடியது.