விளக்கடி ஈரம்

பொயிலரின் பிறஷர் முள் மறுபடியும் அரைக்குக் கீழே விழுந்து கிடந்தது. நிலவறையில் நின்ற சத்தியபாமா அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். காலையில் மேல்வீட்டுக் கொழுந்தன் ஆனந்தராஜா வந்து தண்ணீர் விட்டு ஒன்றரைக்கு ஏற்றிவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும். அவன் படியில் கால் வைக்கிற விதத்திலேயே கோபம் கேட்கும். இப்போது பின்னேரம் இரண்டு மணி. ஏற்றின தண்ணீர் எங்கேயோ போய்விட்டது. நல்லாய் வேணும் என்று நினைத்தாள்.

முள் விழுந்தால் சுடுதண்ணீர் மேல்மாடிக்கு ஏறாது. கீழே அவளுடைய ஹீற்றர்கள் கதகதவென்று இருக்க, மேலே ஆனந்தராஜாவும் அவன் பெண்சாதி விமலாதேவியும் ஜாக்கெட்டோடு சோறு சாப்பிடுவார்கள். ஒஸ்லோவின் ஹொல்ம்லியா மலைச்சரிவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கின மரவீடு அது. குடும்பம் இரண்டு, பொயிலர் ஒன்று. அண்ணன் குணசிங்கம் உயிரோடு இருந்தவரை அதில் ஒரு கரைச்சலும் வந்ததில்லை. ஆள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகவில்லை, அவர் பெண்சாதி சத்தியபாமா கள்ளியாகிவிட்டாள். தீபாவளிக்குப் பிறகு முள் விழத் தொடங்கியதுதான் தாமதம், "அக்கா வேணுமெண்டு தண்ணியைத் திறந்து விடுறா, நாங்கள் விறைச்சுச் சாகட்டும் எண்டு" என்று விமலாதேவி கோயில் மண்டபத்தில் வைத்துச் சொன்னாள். சொன்ன வாய் மூடுமுன் கதை சத்தியபாமாவின் காதுக்கு வந்துவிட்டது.

ஜனவரியில் குணசிங்கத்தின் ஆட்டைத்திவசம். நாற்பது பேர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்ற இடத்தில் ஆனந்தராஜா, "லீக் உங்கட பக்கம்தான் அண்ணி, ஒத்துக்கொண்டா என்ன" என்று கேட்டான். சபைக்கு முன்னால், அதுவும் அண்ணன் படத்துக்கு முன்னால். சத்தியபாமாவுக்கு உச்சி கொதித்தது. எரிகிற கற்பூரத்தின் மேல் கையைப் பிடித்தாள்.

"என்ர பக்கம் ஒரு சொட்டு ஒழுகினாலும் இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டை விட்டு இறங்கிறன். உங்கட பக்கமெண்டா நீங்கள் என்ன செய்வியள்?"

வீட்டை விட்டு இறங்கினால் போக்கிடம் என்று அவளுக்கு ஒன்றுதான் இருந்தது. வடகோடி ஹம்மர்பெஸ்டில் மகன் கோபிகனின் ஒற்றை அறை. அந்த ஊர் மீன் தொழிற்சாலையில் எட்டு வருஷம் நின்று விரல்கள் செத்துப்போய்த்தான் அவள் ஒஸ்லோவுக்கு வந்தவள். திரும்ப அங்கே போவதைவிடச் சாவது மேல். ஆனாலும் சத்தியம் செய்தபோது அவளுக்குக் கொஞ்சமும் பயம் இருக்கவில்லை. லீக் மேல்வீட்டுக் குளியலறையில்தான் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம். போன கோடையில் ஆனந்தராஜா தானும் இரண்டு சிநேகிதருமாகப் பழைய சுவரைக் கொத்திக் கடல்நீல மாபிள் ஒட்டினான். பஸ் ஓட்டுகிறவனுக்குக் குழாய் வேலை என்ன தெரியும்? விமலாதேவி வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் முதலில் குளியலறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டரைக்கு, ஆனந்தராஜா கூப்பிட்டிருந்த குழாய்க்காரர் லூர்து வந்தார். யாழ்ப்பாணத்துப் பாஷையூர் ஆள், நோர்வேயில் முறையாகப் படித்துப் பாஸ் பண்ணினவர். தண்ணீர் ஒழுகுகிற சத்தம் பிடிக்கிற கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு முழங்காலில் நின்று கீழ்வீட்டுத் தரையையெல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். குசினி, கூடம், படுக்கையறை, ஒன்றிலும் ஒன்றுமில்லை. நிலவறைக் கூரையும் காய்ந்துதான் இருந்தது. கடைசியாகச் சாமியறை வாசலுக்கு வந்தார். பின்பக்கம் நீட்டிக் கட்டின சின்ன அறை, அதற்குக் கீழே நிலவறை இல்லை, வெறும் சல்லிக்கல். சத்தியபாமா குறுக்கே நின்றாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்சம் சாப்பிட்டனீங்களோ?"

லூர்து தலையைச் சொறிந்தார். "ஓம் அக்கா. பாணுக்கு மீன் ரின்."

"அப்ப உள்ளுக்கு வராதேங்கோ."

"அக்கா, இதுக்குள்ளாலயும் குழாய் போகுது."

"என்ர சாமியறைக்குள்ள என்ன லீக்? முந்தி பாய் போடாமல் இருக்கேலாது. இந்த வருஷம் அம்மாளாச்சி புண்ணியத்தில வெறுந்தரையே சூடாக் கிடக்கு."

லூர்து அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கருவியைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

ஐந்து மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. சத்தியபாமா விளக்கேற்ற எண்ணெய்ப் போத்தலோடு போனாள். மாடிப்படியால் லூர்துவின் குரல் கேட்டது. "கையை வைச்சுப் பாருங்கோ அண்ணை. லீக் உள்ள இடம் மற்ற இடத்தைவிடச் சூடாத்தான் இருக்கும்."

எண்ணெய் ஊற்றிய கை அப்படியே நின்றது.

அவள் மெல்லக் குனிந்து குத்துவிளக்கின் அடியைத் தொட்டாள். அந்த விளக்கை ஆராலும் அசைக்க முடியாது. வீட்டுக்கு வந்த முதல் வருஷம் ஆனந்தராஜாவின் மகள் கஜேந்தினி தவழ்ந்து போய்த் தட்டிவிட்டதில் கம்பளம் பற்றிக்கொண்டது. மரவீடு எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும் என்று குணசிங்கம் அன்றைக்கே விளக்கின் அடித்தட்டில் துளை போட்டு, விரல் நீளத்துத் திருகாணி இரண்டைத் தரையோடு முறுக்கி இறுக்கிவிட்டார். இனிப் பூமி அதிர்ந்தாலும் விழாது என்று அவருக்குப் பெருமை. அடித்தட்டைச் சுற்றி இந்த மாரி முழுக்க ஒரு ஈரம் இருந்தது. எண்ணெய் என்று நினைத்து ஒவ்வொரு வெள்ளியும் துடைத்தாள். இன்றைக்கு விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். எண்ணெய் வாடை இல்லை. ஹீற்றரில் காற்றுத் திறக்கும்போது வருகிற கறுத்த தண்ணீரின் இரும்புக் கறள் நாற்றம். தரைக்கு அடியில் குழாயைத் துளைத்த ஆணியே இத்தனை வருஷமும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது ஆணி உக்கிவிட்டது.

படத்திலிருந்த குணசிங்கத்தைப் பார்த்தாள். பாவி மனுசா, என்ன வேலை செய்துபோட்டுப் போயிருக்கிறாய் என்று மனசுக்குள் திட்டினாள்.

"அண்ணி." ஆனந்தராஜா படி உச்சியில் நின்று கூப்பிட்டான். "மாபிளை உடைக்கப் போறம். கடைசியாக் கேக்கிறன். உங்கட பக்கம் ஒண்டுமில்லையோ?"

ஒரு சொல் போதும். ஆனால் நாற்பது பேரின் முகமும் ஹம்மர்பெஸ்டின் ஐஸ் பெட்டிகளும் கண்முன் வந்தன.

"உடையுங்கோ" என்றாள்.

முதல் அடி விழுந்தபோது படம் சுவரில் அதிர்ந்தது. மேலே மாபிள் சிதறிக் கொட்டியது. விமலாதேவி ஏதோ சொல்லி அழுதாள். அந்த அழுகைக்காக மாதக்கணக்காகக் காத்திருந்த சத்தியபாமாவுக்கு இப்போது அதைக் கேட்கச் சகிக்கவில்லை. குசினி லாச்சியைத் திறந்து குணசிங்கத்தின் பழைய திருப்புளியை எடுத்து வந்தாள். ஆணியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிட்டால் இன்றைக்குத் தாங்கும், பிறகு ஆருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். லூர்து நிலவறைக்குள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

"பிறஷரை இரண்டுக்கு ஏத்திறன் அண்ணை" என்று கீழேயிருந்து கத்தினார். "எங்கை இருந்தாலும் வெளியில வரும்."

அவள் முறுக்கினாள். உக்கின ஆணி அரைச்சுற்றிலேயே தலை அறுந்து கையோடு வந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பியது. முந்தானையைச் சுருட்டி அமுக்கினாள், விரல் வெந்தது. காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, விளக்கடியோடு சேர்த்துச் சேலையைக் குவித்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கும் அடங்கவில்லை. விளக்கு அணைந்தது.

மேலே உடைக்கிற சத்தம் நின்றது. "இஞ்சை எல்லாம் காய்ஞ்செல்லோ கிடக்கு" என்று ஆனந்தராஜா சொல்வது தெளிவாகக் கேட்டது. பிறகு படியில் காலடிகள். இந்த முறை அவன் நடையில் கோபம் இல்லை. நிலவறையிலிருந்து லூர்துவும் ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

"அக்கா" என்றார் லூர்து. "நான் உள்ளுக்கு வரேல்லை. வாசல்லயே நிக்கிறன்."

கறுத்த தண்ணீர் அவள் சேலைக்கு அடியால் வழிந்து, ஆவி பறக்க, கதவின் கீழிடுக்கைத் தேடி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இடுக்கின் அந்தப் பக்க வெளிச்சத்தில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்ற லூர்துவின் சாம்பல் நிறக் காலுறைகள் தெரிந்தன. பக்கத்தில் ஆனந்தராஜாவின் வெறுங்கால்கள், மாபிள் தூசி படிந்து நீலமாக.