படியை விட்டு நகராத எம்.பி.

ஸ்கார்பெக் ஊரின் ஹீட்டன் தெருவில், வாசற்படியில் நின்று ஒருவர் உறுதி கொடுத்தால் அதை நிறைவேற்றும்வரை அவரால் அந்தப் படியை விட்டு நகர முடியாது. அந்த வருடம் ஏப்ரல் மாதத்துக்கு முன்பு நகர முடிந்தது. பால் விலை ஏறியதும் அதே ஏப்ரலில்தான். ஊரில் முதல் வாரம் பால் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

முதலில் மாட்டியவன் லாரன்ஸ் டிப்டன். முப்பத்தொரு வயது, ஆளுங்கட்சி வேட்பாளர், லண்டன் தலைமையகம் ரயிலேற்றி அனுப்பிவைத்த பிள்ளை. கோட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்சிக் கலரில் ஒரு ரிப்பன் பூ. தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது. மழைத் தூறலில் வீடு வீடாகக் கதவு தட்டிக்கொண்டு வந்தவன் இருபத்திரண்டாம் எண் வீட்டில் மேவிஸ் ஓல்ட்ராய்டின் திறந்திருந்த கதவைத் தட்டினான். மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அறுபத்து மூன்று வயது, கணவன் போன பிறகு தனிக்கட்டை. அவளுக்கு உறவென்று இருந்தது தம்பி நெவில் ஒருவன்தான். அவன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் காப்பகத்தில் இருந்தான். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு முறை முகத்தைக் காட்டிக்கொண்டிருங்கள், அந்த முகம் மட்டுமாவது தங்கும் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். மேவிஸ் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். பிறகு, ஆயுளில் ஒரு நாளும் பஸ் ஏறியிராத யாரோ ஒருவர் பயணிகள் போதவில்லை என்று கணக்குப் பார்த்து ஒன்பதாம் நம்பரை நிறுத்திவிட்டார். டாக்ஸிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் வாரம் என்பது மாதமாயிற்று. சென்ற மாதம் போனபோது நெவில் அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டு, தலையணையைச் சரிசெய்யச் சொன்னான்.

மேவிஸ் ஓட்டுப் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். கோபம்கூட இல்லை; கோபப்பட எதிராளி என்று ஒருவன் எதிரில் நிற்க வேண்டும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மூன்று நிமிடத்துக்கு மேல் எந்த வாசலிலும் நின்றதில்லை. ஆனால் வாசலுக்கு வந்தவனிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற வழக்கமும் அந்த ஊரில் கிடையாது. எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் "ஓட்டு உனக்குத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய் டிவி பார்ப்பார்கள். வேட்பாளர் சொல்வதும் பொய், வீட்டுக்காரர் சொல்வதும் பொய், நடுவில் ஒரு துண்டுப் பிரசுரம் கை மாறும். நாடு முழுவதும் ஜனநாயகம் என்று நடந்துகொண்டிருந்தது இதுதான். அன்று காலை, டிப்டனுக்குச் சற்று முன்னால்தான் எதிர்க்கட்சி வேட்பாளர் ஜூடித் ஆம்ப்ளர் என்கிற பெண்மணி வந்து, எதுவும் தருவதாகச் சொல்லாமல் ஓட்டு மட்டும் கேட்டாள். "உனக்குத்தான் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மேவிஸ் திறந்த கதவோரம் படியிலேயே நின்று தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதாம் நம்பர் திரும்ப ஓடும் மேடம். நான் ஓட வைக்கிறேன். என்னை நம்புங்க" என்றான் டிப்டன்.

"சரிப்பா, என் ஓட்டு உனக்குத்தான். நனையாமப் போய்ச் சேரு" என்றாள் மேவிஸ்.

அவன் திரும்பினான், கால் திரும்பவில்லை. அவள் கதவைச் சாத்தப் பின்னால் நகர்ந்தாள். அவள் காலும் வரவில்லை. வாசற்கல்லின் வெளிப்பாதியில் அவன், உள்பாதியில் அவள். அவன் பூட்ஸைக் கழற்றினான், காலுறை ஒட்டியது. காலுறையைக் கழற்றினான், பாதம் ஒட்டியது. வலியில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், கடப்பாரையால் கல்லை நெம்பிப் பார்த்தார்கள். கல்லை உடைக்கலாம், கால் எலும்பும் சேர்ந்து உடையும் என்று சொல்லி, எதிர்வீட்டு டெர்ரி க்ராப்ட்ரீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். டெர்ரி ஓய்வுபெற்ற தபால்காரர், தெருவில் எல்லாக் கதவும் அவருக்கு அத்துப்படி. "ரெண்டு பேரும் என்னத்த சொல்லித் தொலைச்சீங்க?" என்று விசாரித்து, விஷயம் இன்னது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த வாரமே ஒரு கவுன்சிலர் ஆறாம் எண் வீட்டுப் படியில் நின்று தெருப் பள்ளத்தை மூடுவதாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். அவருடைய மனைவி தார் வாங்கி வந்து தானே பள்ளத்தை மூடிய பிறகு, கால் விடுபட்டு வீட்டுக்குப் போனார். ஜன்னல் விற்க வந்தவன் ஒருவன் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்றான். அவன் இன்னும் நிற்கிறான். அந்த வீட்டுக் குழந்தைகள் அவனை மாமா என்கிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்விக்குப் பதில்: வாளி, குளியலறைத் திரைச்சீலை, எதிர்வீட்டு டெர்ரியின் நல்ல மனசு. தூங்குவதற்கு ஆளுக்கொரு சாய்வு நாற்காலி. கதவைச் சாத்த முடியாததால் நடுவில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டார்கள். ஞாயிறு காலை மேவிஸ் உட்கார்ந்தவாக்கிலேயே குனிந்து, தன் அம்மா செய்தது போலவே படியைத் தேய்த்துக் கழுவுவாள். அவன் பாதங்களும் படியோடு சேர்ந்து சுத்தமாகும்.

விஷயம் பரவியதும் எல்லாக் கட்சித் தலைமையகங்களிலிருந்தும் ஒரே உத்தரவு வந்தது: ஸ்கார்பெக்கில் யாரும் படியேறக் கூடாது. அதன்பின் வேட்பாளர்கள் நடைபாதையில் நின்றபடி கையொலிபெருக்கியில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு என்று வாரி வழங்கினார்கள். ஒருவரும் படியில் கால் வைக்கவில்லை. ஊர் ஜனங்கள் ஜன்னல் வழியே அந்தக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே மாதம் லாரன்ஸ் டிப்டன் சுலபமாக ஜெயித்தான். அவன் மேல் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடவில்லை. ஜெயித்த பிறகும் ஓடிப் போக முடியாத ஒரே ஆள் அவன்தான் என்பதே காரணம். மேவிஸுக்காக டெர்ரி பதிலாளாகப் போய் அவள் ஓட்டை அவனுக்குப் போட்டார். ஓட்டுச்சீட்டு பெட்டிக்குள் விழுந்த கணம் வீட்டில் அவளுடைய வலது கால் விடுபட்டது. இடது கால் அசையவில்லை. டெர்ரி வந்து அதைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குக் காலையில வந்த அந்தம்மாவுக்கும் தரேன்னியா?" என்று கேட்டார்.

"கேட்டாளே" என்றாள் மேவிஸ்.

"அப்ப அடுத்த தேர்தல் வரைக்கும் உக்காரு."

அடுத்த தேர்தல் ஐந்து வருடம் தள்ளியிருந்தது. மேவிஸ் இடது காலை ஊன்றி, வலது காலால் காம்பஸ் போலச் சுற்றிப் பழகினாள். கைக்கு எட்டும் தூரத்தில் அடுப்பையும் டெலிபோனையும் கொண்டுவந்து வைத்தார்கள். வாரம் ஒரு நாள் காப்பகத்துக்குப் போன் செய்வாள். நெவில் சில நாள் பேசுவான், சில நாள் ரிசீவரை வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விடுவான்.

டிப்டன் பாராளுமன்றம் போய்ப் பதவிப் பிரமாணம் எடுக்காததால் அவனுக்குச் சம்பளம் இல்லை. லண்டன் இல்லை, விருந்து இல்லை, கட்சிக் கொறடாவின் மிரட்டல் இல்லை. வேறு வேலையும் இல்லாததால், தன்னைப் பார்க்க வந்தவர்கள் சொன்னதை அவன் கேட்டான். வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையில் நிற்பது அந்த ஊருக்குப் பிடித்தமான காரியம். கூரை ஒழுகுகிறவர்கள், உதவித்தொகை வெட்டப்பட்டவர்கள், பல் டாக்டர் கிடைக்காமல் தானே குறட்டால் பல்லைப் பிடுங்கிக்கொண்ட ஒரு லாரி டிரைவர். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று ஒரு பதில் போகும், அதோடு சரி. இவன் படியில் உட்கார்ந்து போன் போட்டான். எடுக்கும்வரை போட்டான். எந்த அலுவலகமாவது காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டால் மேவிஸும் கூடவே முணுமுணுப்பாள். யாரிடமும் அவன் முடித்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை, சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். "கேட்டுப் பாக்குறேன்" என்பான், கேட்டுப் பார்ப்பான். இதற்கு முன் இருந்த எம்.பி.க்கள் நால்வரும் சேர்ந்து செய்ததைவிட அதிகமான காரியம் அந்தப் படியில் நடந்தது. ஒன்பதாம் நம்பர் மட்டும் வரவில்லை. பஸ் கம்பெனி கவுன்சிலைக் காட்டியது, கவுன்சில் அமைச்சகத்தைக் காட்டியது, அமைச்சகம் பஸ் கம்பெனியைக் காட்டியது. சொந்தக் கட்சி அமைச்சர்களே அவன் போனை எடுக்கவில்லை. படியில் நிற்கிற எம்.பி.யின் பெயரை லண்டனில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று கேள்வி.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அதற்குள் டிப்டனின் ஆளுங்கட்சிக்கு மூன்றாவது தலைவர் வந்திருந்தார், அவர்தான் பிரதமரும். வந்தவருக்கு அவசரம், திடீர்த் தேர்தல் அறிவித்தார். ஜெயிக்கத் தொகுதி வேண்டும், படத்துக்கு ஒரு ஏழைத் தெரு வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், மழையில், நான்கு கார்களும் கேமராக்களுமாக ஹீட்டன் தெருவுக்கு வந்து, பத்திரமாக நடைபாதையிலேயே நின்று, தன் அருமைத் தம்பி லாரன்ஸைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். மேவிஸ் கம்பளியை ஒதுக்கி, நல்ல பீங்கான் கோப்பையில் ஒரு டீயை நீட்டினாள்.

"ஆறிடும் கண்ணு. வந்து குடிச்சிட்டுப் பேசு."

ஆலோசகர் ஒருவர் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் வயதான ஒரு பெண்மணி மழையில் நீட்டுகிற டீயைக் கேமரா முன்னால் மறுத்துவிட்டு அந்த நாட்டில் ஒருவரும் தலைவராக நீடிக்க முடியாது. தலைவர் படியேறி, டிப்டன் பக்கத்தில் நின்று, கோப்பையை வாங்கினார்.

"ஒன்பதாம் நம்பர் எப்ப வரும்?" என்று கேட்டாள் மேவிஸ்.

"வந்துகிட்டே இருக்கும்மா. நான் உறுதி தரேன்" என்றார் அவர். வாய்ப் பழக்கம்.

"போச்சு" என்றார் எதிர்வாசலில் டெர்ரி.

தலைவர் காலை இழுத்துப் பார்த்தார். டிப்டன் அவருக்கு இடம்விடத் தோளைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு, "முதல் நாள்தான் சார் சிரமமா இருக்கும். வாளி அந்தப் பக்கம்" என்றான்.

இரண்டு வருடம் யாராலும் முடியாத காரியம் அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது. அதுவரை ஒருவரையொருவர் கைகாட்டிய மூன்று இடங்களிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். பணம் இருந்தது, பஸ் இருந்தது, டிரைவர்கூட இருந்தார். எல்லாமே எப்போதும் இருந்திருக்கின்றன. அட்டையில் 9 என்று எழுதி ஒட்டிய ஒரு காலி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. கால்கள் விடுபடவில்லை. ஒரு நடை ஓட்டிக் காட்டினால் கல் ஏமாறுவதாயில்லை. ஓர் ஆள் ஏணி போட்டு, நிறுத்தத்தில் வருடம் முழுவதற்குமான கால அட்டவணையைத் திருகி இறுக்கிய பிறகுதான் இருவர் காலும் எழும்பின. தலைவர் கையிலிருந்த கோப்பையோடு காரேறிப் போய்விட்டார். அது மேவிஸின் கல்யாணச் செட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கோப்பை, இன்றுவரை திரும்பி வரவில்லை.

டிப்டன் கன்றுக்குட்டி மாதிரித் தடுமாறி நடந்து, எதிர்ச்சாரி மதில்மேல் போய் உட்கார்ந்தான். மேவிஸின் இடது கால் அப்படியே இருந்தது. அரைமணிக்கொரு தரம் ஒன்பதாம் நம்பர் அவள் வாசலைக் கடந்து நெவில் இருந்த பக்கம் போயிற்று. அவள் கம்பளியை ஒதுக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பகத்திலிருந்து, நெவில் இப்போது சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிறான் என்று செய்தி வந்தது. தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் டிப்டன் வந்து படியில் உட்கார்ந்தான், தானாகவே.

"பத்து வருஷமா எவனுக்கும் போடணும்னு தோணல" என்றாள் மேவிஸ். "இப்பத் தோணுது. எந்த நேரத்துல தோணுது பாரு."

"ஜூடித் அம்மாவுக்கே போடுங்க. இந்தத் தடவையும் நிக்கிறாங்களே" என்றான் டிப்டன்.

"ஒரு ஓட்டுல தோத்தேன்னா?"

"தோத்தா என்ன, பஸ்ஸு நிக்கப் போறதில்ல. நெவில் காத்திருக்காரு."

"நல்லா தலைவர் மாதிரி பேசறான்யா" என்றார் டெர்ரி. "கால் ஒட்டிக்கிச்சான்னு பாரு."

ஒட்டவில்லை. மேவிஸ் அழுதாள், அது கொஞ்ச நேரம்தான்.

தேர்தலன்று காலை டெர்ரி மெதடிஸ்ட் சபைக் கூடத்துக்குப் போய், மேவிஸின் ஓட்டை ஜூடித் ஆம்ப்ளருக்கும் தன் ஓட்டை டிப்டனுக்கும் போட்டார். அவர் திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை. இடது காலில் மட்டும் செருப்பு தேய்ந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மேவிஸ் நல்ல ஷூக்களை மாட்டிக்கொண்டு, தலை வாராமலே பஸ்ஸேறிப் போயிருந்தாள். காப்பகத்தில் நெவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். வந்திருப்பது யார் என்று அவனுக்குச் சொல்ல நர்ஸ் வாயெடுத்தாள், மேவிஸ் கையமர்த்தினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து இதே பொழப்பு உனக்கு, மேவி" என்றான் அவன், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

டிப்டன் மறுபடியும் ஜெயித்தான். ஓட்டு முன்பைவிட அதிகம், அதில் ஒன்று குறைவு என்பது தெருவுக்கே தெரியும். இந்த முறை லண்டன் போய்ப் பிரமாணம் எடுத்தான். வெள்ளிக்கிழமைகளில் வந்து படியில் உட்காருகிறான். ஸ்கார்பெக்கில் இப்போதெல்லாம் வேட்பாளரின் கொள்கையை யாரும் விசாரிப்பதில்லை. படியேறுகிறாரா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஏறுகிறவர்கள் குறைவு, ஏறினால் பேச்சும் குறைவு. வீட்டுக்காரர்களும் மாறிவிட்டார்கள், பிடிக்காதவரிடம் முகத்துக்கு நேரே "உனக்கு இல்லப்பா" என்று சொல்லி, குடிக்க ஏதாவது கொடுத்து அனுப்புகிறார்கள். மேவிஸ் செவ்வாயும் சனியும் ஒன்பதாம் நம்பரில் போய் வருகிறாள்.

இந்த மாதக் கணக்குப்படி ஹீட்டன் தெருவில், அந்த ஜன்னல்காரனைத் தவிர, இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் வடிகாலைச் சரிசெய்வதாகச் சொன்ன கவுன்சில் அதிகாரி, இன்னொருவன் பதினேழாம் எண் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன பையன். இருவருக்கும் நாற்காலியும் குடையும் கொடுத்தாயிற்று. பையன் குளிர்காலத்துக்குள் கிளம்பிவிடுவான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.