காலி அடைப்புக்குறி

1
இந்தக் கதை அம்பத்தூர் டீக்கடையில் கிடைத்தது என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். ஆனால் பொய். பட்டாபிராம் ரயிலில் ஒரு பெண் போனில் தன் வேலையை விளக்கிக்கொண்டு வந்தாள். ஆவடி வரை வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டேன். பாதிதான் காதில் விழுந்தது. மீதி என் கைச்சரக்கு.

2
‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—’

வேண்டாம். கம்பைலர் கதையில் மழைக்கு என்ன வேலை?

அவளுக்கு மர்வா என்று பெயர் வைத்தேன். பூந்தமல்லிக்காரி. நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. பழைய சி நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, என்னென்ன தர வேண்டும் என்று சொல்லாமலே அதை அறிவிக்கலாம். அடைப்புக்குறியைக் காலியாக விட்டால் போதும். ‘இன்னும் சொல்லவில்லை’ என்று அர்த்தம். (ஓடாதீர்கள். கதையில் இதற்கு மேல் கடினமாக ஒன்றும் இல்லை.)

கம்பைலரோ, பிழை தேடுகிறவர்களுக்கான டீபக் குறிப்பில், ‘இதற்கு ஒன்றுமே வேண்டாம்’ என்று தானாக எழுதிவிட்டது. அதை நம்பியவர்கள் மண்டை காய்ந்து போனார்கள். மர்வா திருத்தினாள்: சொல்லாததைச் சொல்லவில்லை என்றே எழுது.

3
போன வாரம் அஸ்கர் என்ற பையனின் வீட்டிலிருந்து மர்வாவைப் பெண் கேட்டு வந்தார்கள். அத்தா உஸ்மான் கனி அவளிடம் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் தலைகுனிந்து நின்றாள். பெண் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

[அஸ்கரைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாக முடியும். ஆனால் நல்ல பையன். அவனைப் பிடித்திருக்கிறதா என்று மர்வாவுக்கே இன்னும் தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.]

திருத்தத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவள், அத்தா எதிரே போய் உட்கார்ந்தாள்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லல அத்தா.”

“வேணாம்னும் சொல்லலியேம்மா.”

“வேணும்னும் சொல்லல.”

உஸ்மான் கனியின் முகம் வாடிவிட்டது. மண்டபத்துக்காரரின் அழைப்பு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

“சரி, இப்ப கேக்கறேன். அஸ்கர கட்டிக்கிறியா? நீ இன்னா சொல்றே?”

4
முடிவு ஒன்று: பிரியாணி. முடிவு இரண்டு: அஸ்கர் வீட்டுக்குத் தயங்கித் தயங்கி ஒரு போன்— இரண்டையும் அடித்துவிட்டேன்.

மர்வா சொன்னது: (          )

காலியாக இருக்கிறதே என்று நீங்கள் பாட்டுக்கு எதையாவது எழுதிவிடாதீர்கள். அவள் பேச வாயெடுக்கிறாள். கொஞ்சம் பொறுங்கள்.