இரண்டாம் இடுப்பெலும்பு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. பிஷ்கெக்கில் நான் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனியில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். விதி எஞ்சினைக் கணினியில் எப்படி நிறுவுவது, நிரல் எழுதும் சூழலுக்கு அதன் இடத்தை எப்படிக் காட்டுவது, அவ்வளவுதான். முதல் படியை ஒழுங்காக எழுதினேன்: "எஞ்சின் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் பிரித்து வையுங்கள்." இரண்டாவதும் தடங்கலின்றிப் போயிற்று: "அமைப்புகளைத் திறந்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்." மூன்றாம் படியில், என்னோடு வேலை பார்க்கும் சிர்கா வந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் குறிப்பு நகரவில்லை.

(விதி எஞ்சின் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று விதிகளைத் தனியே எழுதிக் கொடுத்தால், எது பொருந்துகிறது, எது முந்த வேண்டும் என்று பார்த்து அதுவே செய்யும். கல்யாண வீட்டில் தாய்மாமன் செய்கிற வேலைதான். அவர் கத்துவார், இது கத்தாது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனிமலைகளின் அடிவாரத்தில், ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கும்..." அடித்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் ஜன்னலில் தெரிவது கார் கழுவும் கடை.

அடுத்தது: "சிர்கா அழுதாள்." அதையும் அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை. திட்டுகிற ஆள்.

சரி, நேராகவே சொல்கிறேன். சிர்காவின் தங்கை ஜில்திஸுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாரின் பக்கம், மரியாதை விஷயத்தில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காதவர்கள். இங்கே விருந்தில் ஆட்டின் எந்த எலும்பு யார் தட்டுக்குப் போகிறது என்பதில்தான் மரியாதை இருக்கிறது. இடுப்பெலும்பு பெரியவர்களுக்கு. வாலடி எலும்பு மூத்த பெண்மணிக்கு. அதற்குக் கீழே வயதும் உறவும் பார்த்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். தட்டு மாறினால் வந்தவர்கள் எழுந்து போக மாட்டார்கள். தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு காலம் முழுக்க மருமகளைக் குத்திக்காட்டுவார்கள்.

ஒரு விருந்து மண்டபத்துக்காகச் சிர்கா இந்த விதிகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். வந்தவர்களின் விவரத்தைக் கொடுத்தால், யாருக்கு எந்தத் தட்டு என்று சமையற்கட்டுத் திரையில் தெரியும். "முதல் விருந்து என் தங்கச்சியோடதா இருக்கட்டும்" என்று மண்டபக்காரரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் அவளே.

(இப்படி ஒரு மென்பொருளை யாராவது செய்வார்களா என்று எனக்கே சந்தேகம். இந்த இடத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் இந்த ஊர்க்காரி. "நம்புற மாதிரி இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க சித்தப்பா கல்யாணத்துல இது இருந்திருந்தா ரெண்டு வீடும் இன்னும் பேசிட்டிருந்திருக்கும்" என்றாள். ஆகவே வைத்துக்கொள்கிறேன்.)

3

வியாழக்கிழமை மதியம் ஓட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை, பிழை என்று எதுவும் வரவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு விலா எலும்பும், போட்டோ எடுக்க வருகிறவனுக்கு இடுப்பெலும்பும் வந்திருந்தன.

பக்கத்து மேசை ஒமுர்பெக் எட்டிப் பார்த்தான். "போட்டோக்காரனுக்கு இடுப்பெலும்பா? படம் நல்லா வரும்."

"சிரிக்காதீங்க பைகே.* நாரின்காரங்க தட்டத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"தட்டத் திருப்பினா போகுது. பொண்ணத் திருப்பாம இருந்தா சரி."

சிர்கா பார்த்த பார்வையில் அவன் டீ ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விட்டான். தங்கை அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பதும் நடக்காததும் இந்தத் திரையில் இருந்தது.

* பைகே என்றால் அண்ணன். ஒமுர்பெக் சிர்காவைவிட நாலே வயது மூத்தவன். இங்கே அதுவே போதும்.

4

விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். குற்றம் இல்லை. கடைசியில் அமைப்புகளைத் திறந்தாள். விதி எஞ்சினை ஓடவைக்கும் கோப்புக் கட்டை நாங்கள் ரன்டைம் என்போம். இரண்டு ரன்டைம்கள் இருந்தன. மேலே பழையது, அந்தக் கணினி ஒமுர்பெக்கிடம் இருந்தபோது அவன் நிறுவியது. கீழே புதியது, சிர்கா நிறுவியது. அவள் விதிகள் புதியதற்காக எழுதப்பட்டவை. டிக் இருந்ததோ பழையதன் பக்கத்தில். எதன் பக்கத்தில் டிக் இருக்கிறதோ அதுதான் ஓடும். 'எது முந்த வேண்டும்' என்ற வரியைப் பழைய எஞ்சினுக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் இல்லை. எல்லாரையும் சமமாக நினைத்துக் கையில் கிடைத்ததைப் பரிமாறிவிட்டது.

நிறுவியவள் டிக்கை ஏன் மாற்றவில்லை? "மறந்துவிட்டாள்" என்று எழுதினேன். சுலபமாக இருந்தது. ஆனால் அவள் மறக்கவில்லை. நிறுவிய அன்றே அதைப் பார்த்திருக்கிறாள். பைகே வைத்தது மேலே இருந்தது. இந்த ஊர் வீடுகளில் கதவுக்கு எதிரே உள்பக்கத்தில் மூத்தவர் உட்கார்ந்திருந்தால், வருகிறவள் வாசல் பக்கமாக உட்காருவாள். தன் எஞ்சினையும் அப்படியே கீழே உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள். வேறு ஊர்க்காரன் யோசிக்காமல் டிக்கை மாற்றியிருப்பான்.

"பைகே, உங்க டிக்க எடுக்கணும்."

"எந்த டிக்கு?"

"பழைய எஞ்சினுக்கு நீங்க வெச்சது."

"அது இன்னுமா அங்க உக்காந்திருக்கு?"

"நீங்களே வந்து எடுத்துடுங்களேன்."

"ஏன், உன் கைக்கு என்ன ஆச்சு?"

"நீங்க வெச்சத நான் எப்பிடி..."

"அம்மா தாயே, நான் இங்க உயிரோட டீ குடிச்சிட்டிருக்கேன். அது வெறும் ஃபோல்டர். உன் மிஷினு, உன் தங்கச்சி கல்யாணம். நீயே எடு."

எடுத்தாள், தன்னுடையதன் பக்கத்தில் போட்டாள். கை கொஞ்சம் கூசியது என்று பிறகு சொன்னாள். மறுபடி ஓட்டினாள். தாத்தாவுக்கு இடுப்பெலும்பு, பாட்டிக்கு வாலடி எலும்பு, போட்டோக்காரனுக்கு விலா. குறிப்பின் மூன்றாம் படி இவ்வளவுதான்: "உங்கள் ரன்டைமுக்கு டிக் போடுங்கள்." நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

5

ஒரு வரி மட்டும் தொங்கியது. ஓர் ஆட்டுக்கு இரண்டு இடுப்பெலும்பு. ஒன்று தாத்தாவுக்குப் போயிற்று. இரண்டாவதன் எதிரே இரண்டு பெயர்கள்: மாப்பிள்ளையின் பெரியப்பா, சிர்காவின் பெரியப்பா. ஒரே வயது, ஒரே உறவுமுறை. (இன்னோர் ஆடு வெட்டலாமே என்பீர்கள். பெரியவர்கள் மேசைக்கு ஒன்றுதான். இன்னொன்று வெட்டினால் இன்னொரு மேசை, இன்னொரு சண்டை.)

முடிவு அ: 'மாப்பிள்ளை வீடு முந்தும்' என்று சிர்கா எழுதுகிறாள். நிஜமாகவே எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி இருந்தால், அந்த மண்டபத்தில் நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண் வீடு பிந்தும். அழித்தாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

முடிவு ஆ: ஒமுர்பெக்கின் யோசனைப்படி நாணயம் சுண்டிப் போடுவது. அதற்கு அவள் சொன்ன பதிலை அச்சிட முடியாது.

முடிவு இ: தங்கைக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ஜில்திஸ் தையற்கடையில் உடுப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கா."

"எலும்பு யாருக்குடி?"

"யாருக்கோ குடு. வாங்கினவரு தனியாவா திம்பாரு? வெட்டி மொதத் துண்ட பக்கத்துல இருக்கறவருக்குத்தான குடுத்தாகணும்."

யார் வாங்குவது என்று அத்தனை விதி எழுதிய சிர்கா, வாங்கியவர் கொடுப்பார் என்பதை யோசிக்கவே இல்லை. புது விதி ஒன்று சேர்த்தாள்: சமமாக இருந்தால், அருகருகே உட்காரவை. எஞ்சின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

6

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தட்டு வந்ததைப் பார்த்தேன். யாருக்கு முன்னால் வைத்தார்கள் என்பதும் தெரியும். மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அழித்துவிட்டேன். எந்தப் பெரியப்பாவின் பெயரை எழுதினாலும் சிர்கா அழித்த வரியை நானே திரும்ப எழுதியது போல் ஆகிறது.

ஆகவே தட்டை உங்கள் முன்னால் வைக்கிறேன். இரண்டு பெரியப்பாக்களில் நீங்கள் யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கத்தி வலது பக்கம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எதிர் மேசையிலிருந்து ஜில்திஸ் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.