இடஞ்சுழி

முன்னறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். சித்திரச் சுருள் தொங்கும் மாடத்துக்கு முதுகு காட்டி, விருந்தாளிக்குரிய இடத்தில், ஒகாயாமாவிலிருந்து வந்திருந்த கலைப்பொருள் வியாபாரி மொரிவாகி. அவருக்கு வலப்பக்கம் சித்தப்பா ஷிகெமட்சு; மூட்டுவலிக்காரர், ஆகவே ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டியிருந்தார். அடுக்களைக் கதவை ஒட்டி, கணப்பு மேசையின் போர்வைக்குள் இடுப்புவரை புகுந்துகொண்டு, அம்மா ஃபுயு; முன்னால் உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல்கள். வாசற்பக்கம், கடைசி இடத்தில், சூளைக்குச் சொந்தக்காரியான கினுயோ. அவள் எதிரே மைக்கல்லும் தூரிகையும். எல்லோருக்கும் நடுவில், ஊதாத் துணியின் மேல், ஒரு தேநீர்க் கிண்ணம். அதன் பக்கத்தில் புதிதாகச் செய்த மரப்பெட்டி, மூடி தனியாக.

மூடியில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. வந்த காரியமே அதுதான். மண்பாண்டச் சூளைகளுக்குப் பேர்போன இம்பே ஊரில் கிண்ணத்தின் கதையைப் பெட்டியின் மூடிதான் சொல்ல வேண்டும். வனைந்தவர் தன் கையால் மூடியில் பெயர் எழுதுவார். அவர் இல்லையென்றால் அவர் சூளையை ஏற்றவர் எழுதுவார். அந்த எழுத்து இல்லாத கிண்ணம் எவ்வளவு அழகானதாயிருந்தாலும் அநாதைதான்.

"மலைக்கோவில் பழைய குருக்கள் தவறினதும், அவரோட சாமான்களுக்கு நடுவுல கிடைச்சுது. உங்க அப்பா அவருக்குக் கொடுத்தது, அதுல சந்தேகமே இல்ல," என்றார் மொரிவாகி. "எடுத்துப் பாருங்க, கினுயோம்மா. சங்கடப்படாதீங்க."

கினுயோ இரு கையாலும் எடுத்தாள். மெருகு பூசாத மண். தோளில் சாம்பல் விழுந்து உருகி, எள் தூவினாற்போல் மஞ்சளாய்ப் படிந்திருந்தது. உதட்டுப் பக்கம் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. வாய் வைத்தவர் எடுக்கத் தயங்குவார். இப்படி ஒன்றை சூளையை ஏற்ற இந்த ஆறு வருடத்தில் தன்னால் வனைய முடியவில்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. பிறகு உள்ளே பார்த்தாள். அடியில், விரல் விட்டுப்போன சுழி இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

அந்த வீட்டில் சக்கரம் வலமாகத்தான் சுற்றும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். கவிழ்த்துப் பார்த்தாள். அப்பா ஹியாமா கென்சாகு ஈர மண்ணில் மூங்கில் குச்சியால் கீறும் மலை வடிவக் குறியும் அங்கே இல்லை.

"கவனிச்சீங்களா?" மொரிவாகியின் குரல் தாழ்ந்தது. "அதுதான் விஷயமே. பக்கவாதத்துல அவருக்கு வலது கை விழுந்திடுச்சு. மனுஷன் விட்டாரா? இடது கைக்கு மாறி, சக்கரத்தையே திருப்பிச் சுத்தியிருக்கார். குறி போடற ஆசையும் விட்டுப்போச்சு. ஆசையெல்லாம் விட்டுட்டு நின்ன ஒருத்தரோட கடைசிக் கிண்ணம் இது. வசந்தகாலக் கண்காட்சியில இதை நடுவுல வச்சு, சுத்தி உங்க கிண்ணங்களை வைக்கிறோம். அப்பாவும் பொண்ணும். ஊரே பேசும்."

"எழுதும்மா," என்றார் சித்தப்பா. "நீ எழுதினா அதுக்கு மேல பேச்சு கிடையாது."

கினுயோ மைக்கட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா நோயில் விழுந்த வருடம் அவள் குராஷிகியில், புருஷன் வீட்டில் இருந்தாள். மாமியாரும் படுக்கையில். வந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை; அப்பா போன பிறகுதான் திரும்பி வந்தாள். ஆகவே மொரிவாகி சொல்வது நடந்திருக்கலாம். நடந்திருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். இடமாகச் சுற்றும் கை ஒன்று அந்த வீட்டில் முன்பு இருந்ததை அவள் மறந்துவிடவில்லை. தூரிகையை மையில் தோய்க்கும்போதும் அந்த நினைப்பு விலகவில்லை.

"இடது கையா?" என்றாள் அம்மா, ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்தபடி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தக் கையாலதான் கஞ்சி குடிச்சாரு. பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. துவைச்சது நானு. அந்தக் கையில மண்ணு ஏறிச்சாமா?"

"அண்ணி, உங்களுக்கு ஞாபகம் கொஞ்சம்..."

"ஞாபகத்துக்கு என்ன கேடு? உங்க கல்யாணத்துல நீங்க குடிச்சுட்டு மீன் தொட்டியில விழுந்ததுகூட ஞாபகம் இருக்கு, ஷிகெமட்சு."

மொரிவாகி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "அப்போ இதைச் செஞ்சது யாரும்மா?"

"இப்படிச் சுத்தினதுக்கு அடி வாங்கினானே, அவன்தான்."

கினுயோ தூரிகையை மைக்கல்லின் மேல் கிடத்தினாள். தம்பி தெய்ஜி இடதுகைக்காரன். சின்ன வயதில் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றும்போதெல்லாம் அப்பாவின் மூங்கில் பட்டை அவன் மணிக்கட்டில் விழும். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்காக வலது கைக்கு மாறினான். மண்ணுக்காக மாறவில்லை. "இந்த வீட்டுச் சக்கரம் உனக்காகத் திரும்பாது," என்று அப்பா சொன்ன மறுநாள், இருபது வயதில், அவாஜித் தீவுக்குப் போய் ஓட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தான். வருடப் பிறப்புக்கு ஒரு அட்டை வரும். அச்சடித்த வாழ்த்து, கீழே பெயர், வேறொன்றும் இருக்காது.

"அந்தக் குளிர்காலம் லீவு போட்டுட்டு வந்திருந்தான்," என்றாள் அம்மா. "இவரு கம்பளியைப் போத்திக்கிட்டு சக்கரத்துக்குப் பக்கத்துல நாற்காலியில. அவன் தன் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் சுத்தறான். ஒரு வார்த்தை சொல்லணுமே! பார்த்துக்கிட்டே இருந்தாரு. கிண்ணம் ஈரம் வத்தினதும் நான் குறிபோடற குச்சியை எடுத்து இவரு கையில கொடுத்தேன். இவரு அதைத் தெய்ஜி பக்கம் நீட்டினாரு."

"நீட்டினாரா?" என்றாள் கினுயோ.

"கை நடுங்க நடுங்க நீட்டினாரு. அவன் வாங்கல. 'இந்த வீட்டுல எனக்குக் குறி கிடையாதே'ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டான். குச்சி கீழே விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சது நானு. ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அதான் அடியில ஒண்ணும் இல்ல."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா? வந்த அன்னைக்கே சூளையைக் கழுவித் துடைக்க ஆரம்பிச்சிட்ட. தம்பி எங்கேன்னு ஒரு தரம் கேட்டியா?"

 கணப்பு மேசைக்கடியில் கரி ஒன்று வெடித்தது. சாவு வீட்டில் தெய்ஜியைப் பின்வரிசையில் உட்காரவைத்தவர் சித்தப்பாதான். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு முன்பே அவன் படகேறிப் போனதையும், சூளையைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசாததையும் அவர் இப்போது தன் நீட்டிய காலைப் பார்த்தபடி நினைத்திருக்க வேண்டும்.

மொரிவாகிதான் முதலில் தேறிக்கொண்டார். "சரி, குடும்ப விஷயம். பொய் எழுதச் சொல்லமாட்டேன். 'ஹியாமா சூளை'ன்னு மட்டும் எழுதுங்க. சூளை இந்த வீட்டுது, மண்ணு இந்த வீட்டுது. பார்க்கிறவங்க உங்க அப்பான்னு நினைச்சுக்கட்டும். நாம ஒண்ணும் சொல்லவேண்டியதில்ல."

"நல்ல யோசனை," என்றார் சித்தப்பா அவசரமாக.

நல்ல யோசனைதான். அதுதான் கினுயோவுக்குப் பயமாயிருந்தது. அப்படி எழுதினால் கண்காட்சி நடக்கும், அப்பாவின் பெயர் நிற்கும், அவளுடைய இடமும் அசையாது. எழுதாவிட்டால் ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: இப்படி வனைகிறவன் இருக்க, சூளை எப்படி அக்கா கைக்குப் போனது?  அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். கட்டைவிரலைச் சுழியில் வைத்து, அது போன வழியே மெல்ல நகர்த்திப் பார்த்தாள். அவளுடைய கை அந்தப் பக்கம் போகப் பழகாத கை. பாதி வழியில் நின்றுவிட்டது.

"மூடியை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க, ஐயா," என்றாள். "எழுதவேண்டியவன் எழுதுவான்."

"ஓடு சுடறவன் பேரைக் கண்காட்சி நடுவுல வைக்கச் சொல்றீங்களா? யாருக்கு அவனைத் தெரியும்?"

"இந்தக் கிண்ணத்தைப் பத்திப் பேசினப்போ உங்க குரல் தாழ்ந்துச்சே. அந்த அளவுக்கு உங்களுக்குத் தெரியும்."

மொரிவாகி அதற்குச் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் துணியில் சுற்றினார், மூடியில்லாத பெட்டியில் வைத்தார், முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார். "அழைப்பிதழ் அச்சுக்குப் போறதுக்குள்ள மூடி வரணும். வரலேன்னா கண்காட்சியில உங்க வீட்டுப் பேரே இருக்காது. கோவிச்சுக்காதீங்க, எனக்கும் பதில் சொல்லவேண்டிய இடம் இருக்கு." குனிந்து வணங்கிவிட்டுப் போனார். சித்தப்பா காலைத் தேய்த்துக்கொண்டே அவர் பின்னால் போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "தெய்ஜிக்கு எழுதினா, நான் விசாரிச்சேன்னு போடு," என்றார். பிறகு, "வேண்டாம், போடாதே," என்றார்.

தேய்த்த மை காயவில்லை. கினுயோ அதே இடத்தில் உட்கார்ந்து எழுதினாள்.

"தெய்ஜிக்கு. அம்மா நலம். பல்லெல்லாம் போயும் ஆரஞ்சு தின்கிறாள். மலைக்கோவில் குருக்களிடம் இருந்த உன் கிண்ணம் வெளியே வந்திருக்கிறது. அதன் மூடியில் அப்பா பெயரை எழுத நான் தூரிகையைத் தோய்த்துவிட்டேன். அம்மா பேசியிருக்காவிட்டால் எழுதியும் இருப்பேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா நீட்டிய குச்சியை நீ ஏன் வாங்கவில்லை என்று கேட்கமாட்டேன். வாங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். மூடியை அனுப்புகிறேன். உன் பெயரை எழுது. எழுத மனமில்லையென்றால் வெறுமையாகவே திருப்பி அனுப்பு. வெறுமையாகவே மொரிவாகியிடம் கொடுத்துவிடுவேன், வேறு யார் கையும் அதில் படாது. எழுதுவதானால் இடது கையால் எழுது. வருடப் பிறப்பு அட்டையில் உன் கையெழுத்து எப்போதும் வேறு யாருடையதோ போல இருக்கிறது. சக்கரத்தின் இருசை இந்த வாரம் கழற்றி எண்ணெய் போட்டேன். இப்போது இரண்டு பக்கமும் சுற்றுகிறது."

கடைசி வரியை எழுதியபோது அது உண்மையாக இல்லை. எழுந்து பட்டறைக்குப் போய், இருசைக் கழற்றி, எண்ணெய் போட்டு, இடமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூடியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கடிதத்தோடு உறையில் வைத்தாள். "உலர்ந்த பேரிக்காய் ரெண்டு வச்சு அனுப்பேன்டி," என்றாள் அம்மா. "அவனுக்குப் பிடிக்கும்."

"மூடியில கறை படியும்மா."

"படியட்டுமே."

பேரிக்காயைத் தனித் தாளில் மடித்து உள்ளே வைத்தாள். பசை தடவி மூடி, பிரிக்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக மடிப்பின் மேல் தூரிகையால் ஒரு கோடு இழுத்தாள்.

தபால் நிலையத்தில் இருந்த பெண் உறையைத் தூக்கிப் பார்த்தாள். "உள்ளே என்னங்க?"

"பெட்டி மூடி."

"பெட்டி?"

"வேற ஊர்ல இருக்கு."

அந்தப் பெண் முத்திரை குத்தி, தீவுக்குப் போகும் பையில் அதைப் போட்டாள்.